மூட்டுவலி மூன்றே நாளில் குறைந்ததா? டப்பாவை உடனே குப்பையில் போடாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தெரிந்தவர் ஒருவர் மூட்டுவலிக்கு என்று ஒரு மூலிகை சப்ளிமென்ட் கொடுத்தார். மூன்றே நாளில் வலி குறைந்துவிட்டது, இப்போது ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறார். லேபிளில் 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட் 850 மி.கி.' என்று போட்டு ஒன்பது மூலிகைகளின் பெயர்கள் இருக்கின்றன. கூடவே பயோட்டின் 5000 மைக்ரோகிராம். '100% இயற்கை, ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்றும் போட்டிருக்கிறது. இதை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஆனால் இதைப் படித்த கையோடு அம்மாவின் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கவும் வேண்டாம்.

உங்கள் கேள்வியில் எனக்குத் திக்கென்றது அந்த 'மூன்றே நாள்'தான். பல வருஷமாகத் தேய்ந்த மூட்டில் மூலிகைச் சாறு ஏதாவது செய்தாலும் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இரண்டு மூன்று நாளில் வலி சட்டென்று விலகுகிறது என்றால், லேபிளில் இல்லாத வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ உள்ளே இருக்கலாம் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். இது வீண் பயமில்லை. 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டுவலி சப்ளிமென்ட் பற்றி எச்சரிக்கை விட்டது. சோதித்துப் பார்த்தால் உள்ளே டைக்லோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தஸோனும். முதலாவது வலி மாத்திரை, இரண்டாவது வீரியமான ஸ்டீராய்டு. லேபிளில் இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் அம்மா சாப்பிடுவதிலும் அதேதான் இருக்கிறது என்று சோதிக்காமல் என்னால் சொல்ல முடியாது, ஆனால் அறிகுறி அப்படியே பொருந்துகிறது. டைக்லோஃபெனாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதற்காகச் சாப்பிடும் மாத்திரையையும் சரியாக வேலை செய்ய விடாது, சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பசி கூடும், முகம் உப்பும். வீட்டில் இருப்பவர்கள் 'உடம்பு தேறியிருக்கிறது' என்று சந்தோஷப்படுவார்கள்.

அப்படியானால் ஏன் உடனே நிறுத்தக்கூடாது? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் உடம்பு சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில் கார்டிசால் என்ற ஹார்மோனைத் தானே தயாரிக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பிகள் வேலையைக் குறைத்துக்கொண்டு படுத்துவிடும். திடீரென்று வெளிவரத்தும் நின்றால் உடம்பில் போதுமான கார்டிசால் இருக்காது. கடுமையான சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மூன்று நாள் மட்டும் சாப்பிட்டவர் நிறுத்திவிட்டுப் போகலாம், உங்கள் அம்மா ஐந்து வாரம் சாப்பிட்டிருக்கிறார். அதனால் நாளைக்கே டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள், 'இதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது' என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காலை நேரத்தில் கார்டிசால் பரிசோதனை எடுத்து, எப்படி நிறுத்துவது என்று அவர் முடிவு செய்யட்டும். அதற்குள் வாந்தியோ மயக்கமோ வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் அப்படித்தான், காத்திருக்கக் கூடாது.

சரி, லேபிளுக்கு வருவோம். 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்றால் 'எங்கள் தனிக் கலவை, எது எவ்வளவு என்று சொல்ல மாட்டோம்' என்று அர்த்தம். மொத்தம் 850 மி.கி. என்பதில் முதல் பெயர் மட்டுமே 800 மி.கி. இருந்துவிட்டு, மீதி எட்டும் பெயருக்கு ஒரு சிட்டிகையாக இருக்கலாம். எது எவ்வளவு என்று தெரியாமல் மற்ற மருந்துகளோடு மோதுமா என்று எந்த மருத்துவராலும் கணக்குப் போட முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு அனுமதி இருக்கிறது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 1994-இல் அங்கே வந்த சட்டப்படி சப்ளிமென்ட்டுகளை விற்பதற்கு முன் அரசின் ஒப்புதல் வாங்கத் தேவையில்லை, ஆபத்தானது என்று அரசுதான் பிறகு நிரூபிக்க வேண்டும். எடை குறைக்க விற்ற எஃபெட்ரா என்ற மூலிகையைத் தடை செய்ய 2004 வரை ஆனது. அதுவரை சோதனை எலி யார்? காசு கொடுத்து வாங்கியவர்தான். மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் மருந்தைச் சோதிக்கிற மாதிரி இதைச் சோதித்து அனுப்புவதில்லை. டப்பாவில் இருக்கும் உரிம எண் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது, உள்ளே இருக்கும் காப்ஸ்யூலை யாரோ திறந்து பார்த்தார்கள் என்பதற்குச் சான்று அல்ல.

'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்பதும் பாதி உண்மைதான். ஆய்வகம் தேடச் சொன்னதைத்தான் தேடும். ஈயம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், உள்ளே கொட்டிக் கிடக்கும் ஸ்டீராய்டு அந்த அறிக்கையில் வராது. எதற்காகச் சோதித்தார்கள், எந்த பேட்ச் என்று கேளுங்கள். அறிக்கையிலும் டப்பாவிலும் பேட்ச் எண் ஒன்றாக இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

அப்புறம் அந்தத் 'தெரிந்தவர்'. கோபத்தோடுதான் சொல்கிறேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் கமிஷன் வாங்குகிறவர் உங்கள் அம்மாவின் உடம்பைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது. இவர்கள் பேசுவது எனக்கு மனப்பாடம். தோலில் தடிப்பு வந்தால் 'நச்சு வெளியேறுகிறது' என்பார்கள், வலி திரும்பினால் 'இரண்டாகச் சாப்பிடுங்கள்' என்பார்கள், கொஞ்ச நாள் போனதும் 'இனி ரத்த அழுத்த மாத்திரை எதற்கு?' என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. 'இயற்கை' என்ற வார்த்தைக்கும் மயங்காதீர்கள், எஃபெட்ராவும் செடிதான்.

கடைசியாக பயோட்டின் என்ற வைட்டமின். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், இதில் 5000 இருக்கிறது. அதனால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் சில ரத்தப் பரிசோதனைகளை அது குழப்பிவிடும். தைராய்டு பரிசோதனையில் அளக்கும் இரண்டு ஹார்மோன்களில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். அதைப் பார்த்து தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது என்று மருத்துவர் அளவைக் குறைத்துவிடக்கூடும். வழக்கமாக, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்வோம். உங்கள் அம்மா விஷயத்தில் அது அதே காப்ஸ்யூலுக்குள் இருப்பதால் அப்படி நிறுத்தவும் முடியாது. ஆகவே பயோட்டின் சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். தைராய்டு பரிசோதனை இந்த வாரம் இருந்தால் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். மிச்சமிருக்கும் காப்ஸ்யூல்களைத் தூக்கிப்போடாதீர்கள், சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம்.