108 பேருக்கு 43 எபிசோடு

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 1998-இல் சீனாவில் வந்த 'ஷுய்ஹு சுவான்' டிவி தொடரை (அதே பெயருள்ள பழைய சீன நாவலிலிருந்து எடுத்தது) விடிய விடிய உட்கார்ந்து பார்த்து முடித்தேன், தூக்கம் போச்சு என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. அரசியல் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுக்கச் சீனக் கொள்ளைக்காரர்கள்தான்.

அது என்ன கதை சார்? சுருக்கமாகச் சொன்னால் போதும். (கும்பகோணம் வாசகர்)

சுருக்கமாகச் சொல்ல முடியாது என்பதுதான் அந்த நாவலின் முதல் தொல்லையே. சரி, முயல்கிறேன். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், சோங் அரச வம்சம். பேரரசர் ஹுய்சோங் அருமையான ஓவியர், ஆனால் அரசாங்கம் அயோக்கியர்கள் கையில். அதில் பெரிய ஆள் காவ் சியு. கதைப்படி, பந்தை அழகாக உதைக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் ராணுவத் தளபதி ஆனவன். இவனைப் போன்றவர்களால் வாழ்க்கை இழந்தவர்கள், கொலை செய்துவிட்டு ஓடியவர்கள், வசமாக மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் வந்தவர்கள் என 108 பேர் ஷாண்டோங் பகுதியில் சதுப்பு நீர் சூழ்ந்த லியாங்ஷான் மலையில் கூடுகிறார்கள். அரசுப் படைகளை ஓட ஓட விரட்டுகிறார்கள். அப்புறம் அதே அரசிடம் பொதுமன்னிப்பு வாங்கிக்கொண்டு அதற்காகவே சண்டைக்குப் போய்ச் சாகிறார்கள்.

தலைவன் சோங் ஜியாங் நிஜத்தில் இருந்தவன்தான், 1121-இல் அரசுப் படையிடம் பணிந்த கொள்ளைக் கூட்டத் தலைவன். வரலாற்றில் அவனோடு சேர்த்துச் சொல்லப்படும் எண்ணிக்கை 36. நாவலில் அது 108. எழுதியவர் ஷி நாய்ஆன் என்பது மரபு, லுவோ குவான்சோங்கையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் புத்தகமாவதற்கு முன்பே கடைவீதிகளில் கதைசொல்லிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய கதைகள் இவை. அதனால்தான் ஒவ்வொரு அத்தியாயமும் உச்சத்தில் அறுந்து, 'மேலே என்ன ஆச்சு என்பதை அடுத்த அத்தியாயத்தில் கேளுங்கள்' என்ற தோரணையில் முடிகிறது. 'தொடரும்' போடுவதை டிவிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று எபிசோடு பார்த்தேன். லின் சோங், வு சோங், சோங் ஜியாங் எல்லாம் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா? தலை சுற்றுகிறது. (திருப்பூர் வாசகி)

வேறு வேறு ஆட்கள்தான் அம்மா. சீனக் காதுக்கு அந்த லின் சோங்கின் 'சோங்' தனி ஒலி, நம் எழுத்தில் ச ஒன்றுதானே, என்ன செய்ய! பெயரை விட்டுவிட்டுப் பட்டப்பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 108 பேருக்கும் பட்டப்பெயர் உண்டு. லின் சோங் சிறுத்தைத்தலையன், சோங் ஜியாங் காலமழை (ஏழைக்கு வேண்டிய நேரத்தில் காசு கொடுப்பான்), லி குய் கருஞ்சூறாவளி, உடம்பெல்லாம் பூப்பூவாகப் பச்சை குத்திக்கொண்ட குடிகார பிக்கு லு சிஷென் பூப்போட்ட சாமியார், குடித்துவிட்டு வெறுங்கையால் புலியை அடித்துக் கொன்றவன் வு சோங். இந்த ஐந்து பேர் மனதில் நின்றால் போதும், மற்ற 103 பேர் தானாக வந்து ஒட்டிக்கொள்வார்கள், அல்லது ஒட்டாமலே போவார்கள், நஷ்டமில்லை.

இதில் கதாநாயகன் யார்? ஒருவர் மேல் பிரியம் வைத்தால் பத்து எபிசோடுக்கு அவரைக் காணோமே! (சேலம் வாசகர்)

நாவலே தொடர் ஓட்டம் மாதிரிதான். ஷி ஜின் என்ற பையன் கம்பு சுற்றிக்கொண்டு வருகிறான், லு சிஷெனைச் சந்திக்கிறான், கதை அவரிடம் போய்விடுகிறது. அவர் லின் சோங்கிடம் கொடுக்கிறார், லின் சோங்கிடமிருந்து யாங் சி, இப்படியே கைமாறிக்கொண்டே போகும். முதலில் வந்த பையன் எங்கே என்று கேட்டால் பல அத்தியாயம் கழித்துத்தான் பதில். திண்ணையில் உட்கார்ந்து தினம் ஒரு மணி நேரம் கேட்பவனுக்கு இது சொர்க்கம். டிவிக்கு அப்படியில்லை, திங்கட்கிழமை பார்த்த முகத்தையே செவ்வாய்க்கிழமையும் தேடுவோம்.

1973-இல் ஜப்பானியர்கள் 26 பகுதிகளில் இதை எடுத்தபோது லின் சோங்கை நடுவில் நட்டுவிட்டு மற்றவர்களைச் சுற்றிலும் நிறுத்திவிட்டார்கள். விறுவிறுப்பாகப் போகும், 1976-இல் பிபிசி ஆங்கிலத்தில் குரல் மாற்றிப் போட்டதும் அதைத்தான். ஆனால் நாவலின் அந்த நாடோடித்தனம் போய்விட்டது. சீன மத்தியத் தொலைக்காட்சியின் 1998 தொடர் எதிர்த்திசையில் போனது: ஒவ்வொருவருக்கும் சில பகுதிகள், கதை கைமாறினால் மாறட்டும் என்று விட்டுவிட்டார்கள். 43 பகுதி, 108 பேர், ஆளுக்கு அரை எபிசோடு கூடத் தேறாது, அதனால் எழுபது எண்பது பேர் கூட்டத்தில் நிற்கும் தலைகள்தான். சண்டை அமைத்தது யுவென் வூ-பிங், அடுத்த வருஷம் 'மேட்ரிக்ஸ்' படத்தால் உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். 2011-இல் 86 பகுதிகளில் இன்னொன்று வந்தது. பளபளப்பு அதிகம். எனக்கு ஒட்டவில்லை, உங்களுக்கு ஒட்டலாம்.

இவர்களை எப்படி வீரர்கள் என்கிறீர்கள்? கொலைகாரர்கள். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. (நாகர்கோவில் வாசகி)

உங்கள் கோபம் நியாயம், நாவலைப் படித்தால் இன்னும் கோபம் வரும். வு சோங் தன்னைச் சதி செய்து மாட்டிவிட்ட மூன்று பேரைக் கொல்லப் போகிறான். சரி, பழிக்குப் பழி. ஆனால் அந்த வீட்டில் குதிரை மேய்ப்பவன், வேலைக்காரப் பெண்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டுகிறான், மொத்தம் 15 பேர். முடித்துவிட்டு, ரத்தத்தைத் துணியில் தொட்டு, கொன்றவன் புலியடித்த வு சோங் என்று சுவரில் எழுதிவிட்டுப் போகிறான். இது பரவாயில்லை என்று சொல்லவைப்பான் லி குய். ஜு தோங் என்ற நல்ல மனிதரைக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும், அவர் வரமாட்டேன் என்கிறார். அவர் பொறுப்பில் இருந்த நான்கு வயதுக் குழந்தையை லி குய் கொன்றுவிடுகிறான், இனி அவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. கூட்டத்தின் மூளைக்காரர் போட்ட திட்டம் அது! ஹு சான்னியாங் என்ற பெண் வீராங்கனையின் குடும்பத்தையே இதே லி குய் வெட்டிச் சாய்க்கிறான். பிறகு அவளை ஒரு குள்ளமான காமாந்தகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அப்போது அவள் ஒரு வார்த்தை பேசியதாக நாவலில் இல்லை.

திரைக்கதை எழுதுபவர் திணறுவது இங்கேதான். அப்படியே காட்டினால் அடுத்த எபிசோடில் லி குய் ஜோக் அடிக்கும்போது யார் சிரிப்பார்கள்? நாவலில் அவன்தான் கோமாளியும். மென்மையாக்கினால் எல்லோரும் அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள், பிறகு நூறு படத்தில் பார்த்த கதைதான். என்னைக் கேட்டால் ரத்தத்தைக் குறைக்கலாம், எண்ணிக்கையை மறைக்கக் கூடாது. வெட்டுவதைக் காட்ட வேண்டாம், மறுநாள் காலையில் பிணங்களை எண்ணுகிற அதிகாரியின் முகத்தைக் காட்டினாலே போதுமே. குழந்தைகளோடு பார்க்க வேண்டுமென்றால் 'மேற்கு நோக்கிய பயணம்' தொடர் இருக்கிறது, குரங்கு வரும், யாருக்கும் கனவு கெடாது.

இவ்வளவு அடித்து நொறுக்கிவிட்டு சோங் ஜியாங் ஏன் போய் மன்னிப்புக் கேட்டான்? டிவியை உடைக்கலாம் போல் இருந்தது. (தஞ்சாவூர் வாசகர்)

உடைக்காதீர்கள், சீனாவிலேயே இதற்காக முந்நூறு நானூறு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1641-இல் ஜின் ஷெங்தான் என்ற விமரிசகருக்குப் பொறுக்கவில்லை. பழைய அசல் பிரதி கிடைத்துவிட்டது என்று சொல்லி, 108 பேரும் மலையில் கூடுவதோடு கதையை வெட்டினார், கடைசியில் எல்லோருக்கும் மரணதண்டனை நடப்பதாக ஒரு கனவை மட்டும் ஒட்டவைத்தார். மன்னிப்பு, போர், சாவு எல்லாம் குப்பையில். பிறகு நீண்ட காலம் சீனர்கள் பெரும்பாலும் படித்தது அந்த வால் அறுந்த பதிப்பைத்தான். (வாலை வெட்டியவரின் தலையை 1661-இல் அரசாங்கம் வெட்டியது, அது வேறு வழக்கு.) 1975-இல் மாவோ நேர்மாறாகச் சொன்னார்: இந்தப் புத்தகத்தின் உபயோகமே அந்தச் சரணாகதியில்தான் இருக்கிறது, ஊழல் அதிகாரியை எதிர்க்கிறார்கள், பேரரசரை எதிர்க்கவில்லை, எப்படி இருக்கக் கூடாது என்பதற்குப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. அதை வைத்து நாடு முழுக்க ஒரு பிரச்சாரமே நடந்தது. ஆகவே எங்கே முடிப்பது என்பதைத் தீர்மானித்த நிமிஷமே, நீங்கள் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிடும்.

1998 தொடர் கசப்பு வரைக்கும் போனது, அதனால்தான் எனக்கு அது உசத்தி. லி ஷுவேஜியான் நடித்த சோங் ஜியாங் கூனிக்குறுகி நிற்பதைப் பார்த்து அங்கேயும் பலர் எரிச்சலானார்கள். ஆனால் ஒரு இடம் சொல்கிறேன். லின் சோங்கின் மனைவியையும் வேலையையும் வாழ்க்கையையும் பறித்த காவ் சியுவைப் போரில் உயிரோடு பிடித்துவிடுகிறார்கள். சோங் ஜியாங் அவனை விழுந்து வணங்கி, விருந்து வைத்து, பத்திரமாக அனுப்பிவைக்கிறான், ராஜாவிடம் சிபாரிசு செய்வானாம். நாவலில் லின் சோங் முறைத்துப் பார்க்கிறான், அவ்வளவுதான். பிறகு மற்றவர்களோடு போருக்குப் போய், வெற்றிக்குப் பிறகு பக்கவாதத்தில் விழுந்து ஆறு மாதத்தில் சாகிறான். தொடரிலோ, காவ் சியுவை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் ரத்தம் கக்கி அந்த மலையிலேயே உயிரை விடுகிறான். நாவலில் இல்லாத காட்சிதான். ஆனால் படித்தவன் ஒவ்வொருவனும் அந்தப் பக்கத்தில் நின்று, இவன் எப்படி இதற்குப் பிறகும் சாப்பிட்டான், தூங்கினான் என்று கேட்டிருப்பான் இல்லையா? அந்தக் கேள்விக்குக் கொடுத்த பதில் அது.

கடைசியில் போரிலிருந்து தலைநகருக்குத் திரும்புவது 27 பேர். சோங் ஜியாங்குக்கு அரண்மனையிலிருந்து விஷம் கலந்த மது வருகிறது. குடித்தபின் தெரிகிறது. உடனே அவன் செய்கிற காரியம், தன் மேல் உயிரையே வைத்திருக்கும் லி குய்யைக் கூப்பிட்டு அதே மதுவை ஊற்றிக்கொடுப்பது. தான் செத்த பிறகு அவன் கலகம் செய்து, தன் பெயரைக் கெடுத்துவிடக் கூடாதாம்!

லியாங்ஷான் இப்போதும் இருக்கிறதா? போய்ப் பார்க்கலாமா? (பெங்களூரு வாசகர்)

மலை இருக்கிறது, ஷாண்டோங்கில் அதே பெயரில் ஒரு மாவட்டமும் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. மஞ்சள் நதி பாதை மாறியதில் அந்தப் பெரும் சதுப்பு வற்றி, மிச்சம் தோங்பிங் ஏரி. 1998 தொடருக்கு வெகு தூரம் தெற்கே வூஷி நகரத்தில், தாய் ஏரிக்கரையில் அரங்கம் போட்டார்கள். அது இன்றும் சுற்றுலாத் தலம், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

பான் ஜின்லியனை மட்டும் வைத்துத் தனித் தொடர் எடுத்தால் என்ன? (சிவகாசி வாசகர்)

நானூறு வருஷம் லேட். வு சோங்கின் அண்ணிதான் இந்த பான் ஜின்லியன், கள்ளக்காதலன் சிமென் சிங்கோடு சேர்ந்து புருஷனுக்கு விஷம் வைத்தவள். நாவலில் வு சோங் இருவரையும் வெட்டிவிடுகிறான், கதை முடிந்தது. மிங் அரச வம்சக் காலத்திலேயே பெயர் சொல்லாத ஒருவர், அந்த இடத்தில் வு சோங் தவறான ஆளை அடித்துக் கொன்று நாடுகடத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, அந்தக் காதலர்களை உயிரோடு விட்டு, நூறு அத்தியாயத்துக்கு இன்னொரு நாவல் எழுதிவிட்டார். 'ஜின் பிங் மெய்' என்று பெயர். அதையும் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து படிக்க முடியாது.