எட்டு கோர் இருந்தும் ஒரு கோர்தான் ஓடுகிறது, ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு சி மொழியில் கணக்கு புரோகிராம் எழுதியிருக்கிறேன். லோடு லோடாகத் தரம் பார்த்து விலை போட்டு, விவசாயியின் முன்பணப் பாக்கியில் கழிக்கும் லூப். பல வருஷ லோடுகளை ஓட்டினால் ரொம்ப நேரம் பிடிக்கிறது. ஜிசிசி கம்பைலரில், லூப்பைத் தானாகப் பல கோர்களுக்கு (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) பிரித்து இணையாக்கும் ஆப்ஷன் கொடுத்தும் பயனில்லை. ஊக இணைச் செயலாக்கம் உதவுமா?

பதில்: கம்பைலர் மேல் தப்பில்லை. பாக்கி[விவசாயி[i]] என்று எழுதியிருப்பீர்கள். i-ஆவது லோடு எந்த விவசாயியுடையது என்பது ஓடும்போதுதான் தெரியும். இரண்டாவது லோடும் ஐந்தாவது லோடும் ஒரே ஆளுடையதாக இருக்கலாமே! அந்தச் சந்தேகம் தீராதவரை ஜிசிசி லூப்பைப் பிரிக்காது.

ஊக முறை இங்கேதான் துணிகிறது. இரண்டு லோடு ஒரே பாக்கியைத் தொட்டு மோதாது என்று நம்பி எட்டு லோடை எட்டு கோரில் ஒன்றாக ஓட விடும். ஒவ்வொன்றும் தன் கணக்கைத் துண்டுச்சீட்டில், அதாவது தற்காலிக இடத்தில், வைத்திருக்கும். முறை வந்தால்தான் பேரேட்டில், அதாவது உண்மையான பாக்கி அணியில், ஏறும். இரண்டாவது லோடு பாக்கியை மாற்றுமுன்பே ஐந்தாவது அதைப் படித்துவிட்டதா? ஐந்தாவதின் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். எதைக் கண்காணிப்பது, தப்பானால் எப்படி மீள்வது என்பதற்கான கட்டளைகளை நுழைப்பது கம்பைலரின் வேலை. 1995-இல் ரௌச்வெர்கர், படுவா என்ற ஆராய்ச்சியாளர்கள் சொன்ன எல்ஆர்பிடி சோதனை இன்னும் முரட்டுத்தனமானது: முழு லூப்பையும் இணையாக ஓட்டிவிட்டு, யார் எந்த இடத்தைத் தொட்டார்கள் என்று நிழல் அணிகளில் (அதைக் குறித்துவைக்கும் தனி அணிகள்) பார்க்கும். மோதியிருந்தால் பழைய நிலைக்குத் திரும்பி வரிசையாக ஓட்டும்.

சாதாரண ஜிசிசியிலோ, இன்னொரு சி கம்பைலரான கிளாங்கிலோ இந்த வசதி கிடையாது. ஐபிஎம்மின் புளூ ஜீன்/க்யூவில் இருந்தது, ஆனால் அது சூப்பர் கம்ப்யூட்டர். கிடைத்தாலும் உங்களுக்கு லாபமில்லை. சீசனில் ஒரே தோட்டத்து டிராக்டர் நாலு வரிசையாக எடைமேடையில் நிற்கும். சீட்டு கிழிப்பதிலேயே நேரம் போய்விடும்.

விலை போடும் பகுதி பாக்கியைத் தொடவில்லை என்றால் லூப்பை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். முதல் லூப் விலையை மட்டும் ஓர் அணியில் எழுதட்டும். அதன் தலையில் ஓபன்எம்பியின் (லூப்பை இணையாக ஓட்டச் சொல்லி கம்பைலருக்குக் குறிப்பு எழுதும் முறை) பேரலல் ஃபார் வரியைப் போடுங்கள். கழித்தல் இரண்டாவது லூப்பில் வரிசையாகவே நடக்கட்டும், அதற்கு நேரமே ஆகாது. பாக்கியைப் பார்த்துத்தான் விலையே என்றால், லோடுகளை விவசாயி வாரியாகப் பிரித்து, ஒருவருடையதை வரிசை கலையாமல் ஒரே கோருக்குக் கொடுங்கள்.

அப்புறம், கம்பைல் செய்யும்போது ஓபன்எம்பி ஆப்ஷனை மறந்தால் ஜிசிசி அந்த வரியைக் கண்டுகொள்ளாது, பழையபடி ஒரே கோர்தான் ஓடும். நானே இதில் ஒரு மத்தியானத்தைத் தொலைத்திருக்கிறேன்.