கொழும்பில் இரண்டு நாள்: ஓவியம், வீடு, சாப்பாடு

கேள்வி: நான் மதுரையில் உள்அலங்கார வடிவமைப்பாளர். உறவினர் திருமணத்துக்காகக் கணவருடன் கொழும்பு போகிறேன். திருமணம் முடிந்தபின் இரண்டு நாள் கையில் இருக்கும். இன்றைய ஓவியம், கட்டடக்கலை, கைத்தறி பார்க்க எனக்கு ஆசை. கணவருக்குச் சாப்பாடு முக்கியம். இணையத்தில் தேடினால் எல்லாப் பட்டியலும் கங்காராமய விகாரை, தாமரைக் கோபுரம், ஏதாவது ஒரு மால் என்றே முடிகின்றன. எங்கே போவது, எதற்கு முன்பதிவு வேண்டும், ஓவியம் வாங்கினால் கொண்டுவரலாமா?

பதில்:

கொழும்பில் நவீன ஓவியத்துக்கென்று ஒரு பெரிய மாளிகையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்த ஊரின் நவீன ஓவியமும் வடிவமைப்பும் வீடுகளுக்குள் வளர்ந்தவை. பெரும்பாலும் வீடுகளிலேயே தங்கிவிட்டவை. ஓவியர் வாழ்ந்த வீடு காட்சிக்கூடமாகியிருக்கும், கட்டடக்கலைஞரின் அலுவலகம் உணவகமாகியிருக்கும். ஆகையால் சுற்றுலா இடங்களின் பட்டியலை ஓரம் தள்ளிவிட்டு வீடுகளின் பட்டியல் ஒன்று போடுங்கள். சாப்பாட்டுக்குத் தனியாக அலைய வேண்டியிருக்காது, வழியிலேயே வந்துவிடும்.

முதல் வேலை, நாள்காட்டியைப் பார்ப்பது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா நாள் என்பார்கள். அன்று பல காட்சிக்கூடங்கள் பூட்டியிருக்கும், மது விற்பனையும் கிடையாது. உங்கள் இரண்டு நாளில் ஒன்று போயாவாக இருந்தால் திட்டத்தையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது வேலை, பகத்தலை வீதியிலிருந்து பிரியும் 33ஆம் ஒழுங்கையில் இருக்கும் 11ஆம் எண் வீட்டுக்கு முன்பதிவு செய்வது. அது இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் சொந்த வீடு. இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளை பராமரிக்கிறது. குறித்த நேரத்தில் சிறு குழுவாகத்தான் அழைத்துப்போவார்கள். நினைத்தபோது போய்க் கதவைத் தட்ட முடியாது. இந்த நேரம் உறுதியானபின் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

பாவாவைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1919இல் பிறந்தவர், வழக்கறிஞராகத் தொடங்கியவர், கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது வயது 38. உங்கள் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு: 1960களில் மதுரை பாய்ஸ் டவுன், 1970களில் மதுரை கிளப், அதே காலத்தில் சென்னை கன்னிமாரா ஹோட்டலின் புதுப்பிப்பு என்று தமிழ்நாட்டில் மூன்று வேலைகள் செய்திருக்கிறார். கொழும்பு வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது அவர் சிறிய இடத்தை எப்படிக் கையாண்டார் என்பதை. அது ஒரே வீடாகக் கட்டப்பட்டதே அல்ல. ஒரு சந்தில் வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகள். 1950களின் இறுதியில் அவற்றில் ஒன்றில் குடியேறி, பக்கத்து வீடுகள் காலியாகக் காலியாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். பத்தாண்டுக்கு மேல் ஆனது.

உள்ளே நுழைந்ததும் வாகனக் கொட்டகை. பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. அதைத் தாண்டினால் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரையோடு நீண்ட நடை. எந்த இடத்திலிருந்தும் வீடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாது. நடையின் முடிவில் ஒரு வெளிச்சம் மட்டும் தெரியும். அதை நோக்கிப் போனால் வானம் பார்த்த சின்ன முற்றம், அங்கே நின்றால் பக்கவாட்டில் இன்னொரு வெளிச்சம். நம் ஊர் முற்றம் வீட்டுக்கு நடுவில் ஒன்றுதான். இங்கே அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, சில முற்றங்களில் ஒரு செடிக்கு மேல் இடமில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களையும் பார்ப்பீர்கள். எதையும் தாங்குவதற்காக அல்லாமல், சிற்பம்போல் பார்ப்பதற்காகவே நிறுத்தியிருக்கிறார். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரண்ட் வண்ணம் தீட்டிய கதவும் இருக்கிறது. தொழில் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு யோசனை: பொருள்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். வெளியே வரும்போது வீட்டின் வரைபடமே உங்கள் கையில் இருக்கும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஆல்ஃபிரட் ஹவுஸ் வீதி. பாவாவின் அலுவலகமாக இருந்த கட்டடம் 1998 முதல் ‘கேலரி கஃபே’ என்ற உணவகமாக நடக்கிறது. அடுத்தடுத்து வரும் முற்றங்களைக் கடந்துதான் சாப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். அவருடைய மேசை இன்னும் அங்கே இருக்கிறது, சுவர்களில் இன்றைய ஓவியர்களின் படங்கள் மாறி மாறித் தொங்கும். விலை அதிகம். உங்கள் கணவர் முறைக்கக்கூடும். முழுச் சாப்பாட்டை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, இங்கே மாலையில் இனிப்பும் காப்பியும் போதும் என்பது என் கருத்து.

காலி வீதிக்கு வந்தால் ‘பேர்ஃபுட்’. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய கைத்தறி நிறுவனம். கிராமத்துப் பெண்கள் நெய்வதுதான் அங்கே விற்பனைக்கு வருகிறது. சுங்குடியைக் கண்டு வளர்ந்த உங்களுக்கு முதலில் அந்த வண்ணங்கள் கண்ணைக் கூசும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடர் ரோஜா, அதற்குப் பக்கத்தில் ஊதா. அவசரப்படாதீர்கள். ஒரு துணியைக் கையில் எடுத்துப் பாவு நூல் என்ன நிறம், ஊடை நூல் என்ன நிறம் என்று பிரித்துப் பாருங்கள். கோடுகளின் அகலம் எந்த இடத்தில் மாறுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். வண்ணம் பற்றி எந்த வகுப்பிலும் இவ்வளவு விரைவில் கற்றுக்கொள்ள முடியாது. பின்பக்கம் புத்தகக் கடை, காட்சிக்கூடம், மரநிழலில் ஒரு சாப்பாட்டு முற்றம். மதிய உணவை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

அதே காலி வீதியில் வடக்கே கொஞ்சத் தூரம் ஆட்டோவில் போனால் கிரெஸ்கட் என்ற மால். மால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் இதற்குப் போங்கள். 2019 இறுதியில் வேறோர் இடத்தில் தொடங்கிய இலங்கையின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் பிறகு இந்த மாலுக்குள் வந்தது. ஒவ்வொரு படைப்புக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கம் இருக்கும். நம் ஊர்க் காட்சிக்கூடங்களில் பெரும்பாலும் ஆங்கிலச் சீட்டையே படித்துப் பழகிய நமக்கு, சமகாலக் கலையைப் பற்றி நல்ல தமிழில் எழுதியதை நின்று படிப்பதே ஓர் அனுபவம். போகும் முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஓவியருமான தா. சனாதனனைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்துவிடுங்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களிடம், இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கைவரைபடம், அதையே கட்டடக்கலைஞர் அளவோடு வரைந்த படம், அதையொட்டி சனாதனன் தீட்டிய ஓவியம் என்று வீட்டுக்கு மூன்று தாள்கள். 2011இல் நூலாக வெளிவந்தது. நாள்தோறும் வீட்டு வரைபடம் போடும் தொழிலில் இருக்கும் உங்களை அது எளிதில் விடாது.

மாலையில் காலி முகத்திடல். கடலோரத்தில் பரந்த புல்வெளி. வண்டிக்கடைகளில் இறால் வடை. தட்டையான பருப்பு வடையின்மேல் ஓட்டோடு இறாலை அழுத்திப் பொரித்து, வெங்காயமும் காரச் சட்னியும் போட்டுத் தருவார்கள். கூட்டம் நிற்கும் வண்டியில், கண்ணெதிரே பொரித்ததை மட்டும் வாங்குங்கள். இரவுக்கு அப்பம். நம்மூரில் காலை உணவாக இருப்பது அங்கே பொழுது சாய்ந்தபின்தான் களைகட்டும். முட்டை அப்பம் ஒன்று, வெறும் அப்பம் இரண்டு, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த சம்பல். கொத்து ரொட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது மதுரையிலும் கேட்கிறது.

இரண்டாம் நாள் கறுவாத்தோட்டத்துக்கு. பழைய செல்வந்தர்களின் மரம் அடர்ந்த பகுதி. வெயிலிலும் ஓரளவு நடக்கலாம். பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் அறக்கட்டளை என்ற வீடு இருக்கிறது. ஹாரி பீரிஸ் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு அது. 1943இல் லயனல் வென்ட் என்ற புகைப்படக் கலைஞரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. ஆங்கிலேயக் கல்விமுறை சொல்லிக்கொடுத்த ஓவியம் போதாது என்றவர்கள். ‘43 குழு’ என்று பெயர். ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, துறவியாக இருந்து விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்த மஞ்சுஸ்ரீ ஆகியோரின் படங்கள் இந்த வீட்டு அறைகளில், யாரோ குடியிருக்கும் வீட்டில் மாட்டியதுபோல நெருக்கமாகத் தொங்குகின்றன. கண்ணாடித் தடுப்போ கயிறோ இல்லாமல் அருகில் நின்று தூரிகைத் தடத்தைப் பார்க்கலாம். வாரத்தில் சில நாள், சில மணி நேரம்தான் திறப்பார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து பொரளை கோதமி விகாரைக்கு ஓர் ஆட்டோ. இரண்டு நாளில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் உங்களை இங்கேதான் அனுப்புவேன். 1939–40இல் ஜார்ஜ் கீட் இதன் உட்சுவர்களில் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டினார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. முகங்களையும் கைகளையும் அவர் கோட்டில் பிடித்திருப்பதைப் பாருங்கள்: ஒரு தோளில் கிளம்பும் கோடு கை எடுக்காமல் வளைந்து இடுப்புவரை இறங்கி, அடுத்த உருவத்தின் விளிம்பாகிவிடும். ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கரைத்துக் குடித்தவர், அஜந்தாவையும் விடாதவர். ஆனால் இது காட்சிக்கூடம் அல்ல. பக்கத்தில் ஒரு பாட்டி பூத்தட்டோடு கும்பிட்டுக்கொண்டிருப்பார், ஊதுவத்தி புகையும். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறையும் உடையில் போங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே பெரிய அவமதிப்பு. வெளிநாட்டவர் அதனால் சிக்கலில் மாட்டியதுண்டு.

மதியத்துக்கு லம்பிரைஸ். டச்சு வம்சாவளியினரான பறங்கியர் சமையல். ரீட் அவென்யூவில் இருக்கும் டச்சு பர்கர் யூனியனில் கிடைக்கும். வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் இலை வெந்த மணம். நெய்யும் இறைச்சிச் சாறும் சேர்த்து வேகவைத்த சோறு, பல இறைச்சி கலந்த ஒரு கறி, சின்ன இறைச்சி உருண்டைகள், வாழைக்காய்க் கறி, புளிப்பும் இனிப்புமாகக் கத்தரிக்காய், கூனி இறாலை அரைத்த ஒரு காரப்பொடி. எல்லாவற்றையும் இலையில் கட்டி அடுப்பில் மீண்டும் வேகவைப்பதால், ஒன்றின் சாறு இன்னொன்றில் இறங்கியிருக்கும். அவித்த முட்டை வைத்துத் தருவது கடைக்காரர் பழக்கம் என்று பழைய பறங்கிக் குடும்பத்தார் முணுமுணுப்பார்கள். சைவம் என்றால் இதை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் போங்கள். பிட்டும் இடியாப்பமும் சொதியுமாக யாழ்ப்பாணச் சமையல் அங்கே கிடைக்கும், தமிழிலேயே பேசிச் சாப்பிடலாம்.

பிற்பகலில் ஹோர்ட்டன் பிளேஸில் சஸ்கியா பெர்னாண்டோ கேலரி, கில்ஃபர்ட் கிரெசன்டில் லயனல் வென்ட் அரங்கின் காட்சிக்கூடம். இரண்டிலும் அந்த வாரம் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போனால் போதும். கங்காராமயவையும் முற்றாக ஒதுக்க வேண்டாம். அந்த விகாரைக்குச் சொந்தமான, பேரே வாவியின் நீர்மேல் நிற்கும் சீமா மாலக மண்டபம் 1976இல் பாவா கட்டியது. செலவை ஏற்றது ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பம், இறந்துபோன மகனின் நினைவாக.

பெந்தோட்டைப் பக்கம் இருக்கும் பாவாவின் லுனுகங்கா தோட்டம் உங்கள் மனத்தில் இருக்கும். 1948இல் வாங்கி வாழ்நாளெல்லாம் செதுக்கியது. கொழும்பில் அவர் கட்டிய, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வீட்டைக்கூடக் கழற்றிக் கொண்டுபோய் அங்கேதான் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு நாளுக்குள் அதைத் திணிக்காதீர்கள். மூன்றாம் நாள் கிடைத்தால், கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் அளுத்கமை வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். போகும்போது வலப்பக்க ஜன்னலில் கடல் கூடவே வரும்.

ஓவியம் வாங்குவது பற்றி. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்பார்கள். யானையும் சூரிய அஸ்தமனமுமே அதிகம். பொறுமையாகத் தேடினால் நல்ல கை ஒன்று தென்படும். ஆண்டின் தொடக்கத்தில் போனால் இதே வீதியில் 1993 முதல் நடக்கும் ‘கலா பொல’ என்ற ஓவியச் சந்தை வாய்க்கலாம். நாடெங்குமிருந்து வரும் ஓவியர்களிடமே நேரடியாக வாங்கலாம். எங்கே வாங்கினாலும் ரசீதில் ஓவியர் பெயர், ஆண்டு, அளவு, விலை நான்கும் இருக்கட்டும். காட்சிக்கூடம் என்றால் அசல் என்பதற்கான சான்றும் கேளுங்கள். சட்டத்தைக் கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி தடித்த குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். உட்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி மடிந்து வெடிக்கும். சட்டம் மதுரையில் போட்டுக்கொள்ளலாம். 50 ஆண்டுகளைக் கடந்த பழம்பொருள்களை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. பழைய கதவுப்பிடி, விகாரைத் துணி ஓவியம் என்று யாராவது ஆசை காட்டினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.