பழைய புல்லட் 350-ல் டிடிசி கண்டுபிடிப்பது

பாயின்ட் (திறக்கும்போது பிளக்கில் பொறி வரவைக்கும் தொடர்புமுனை) மாற்றியதிலிருந்து கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது, பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பார்த்த டிடிசி (TDC, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மாறத்தான் செய்யும். உச்சிக்கு அருகில் கிராங்க் சில டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது. புல்லட்டில் பிளக் துளையும் சாய்வு, கம்பி சிக்கிக்கொள்ளும்.

பழைய பிளக்கின் பீங்கானை எடுத்துவிட்டு ஒரு போல்ட்டைப் பொருத்துங்கள். அதுதான் பிஸ்டனை இடையில் தடுக்கும் ஸ்டாப்பர். இடதுபக்க பிரைமரி கவரைக் கழற்றி (ஒரே நட்டுதான், கீழே எண்ணெய்க்குத் தட்டு வையுங்கள்) கிராங்க் முனையிலுள்ள ரோட்டரில் டிகிரி தகடு மாட்டுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கிய பிறகே ஸ்டாப்பரைத் திருகுங்கள். டாப் கியரில் பின்சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் சுற்றி, இடிக்கும் இரண்டு இடங்களையும் குறியுங்கள். அவற்றின் நடுப்புள்ளிதான் டிடிசி. ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு அங்கே கொண்டுவாருங்கள். இரண்டு புஷ்ராடும் (வால்வை இயக்கும் தண்டுகள்) விரலால் சுழன்றால் கம்ப்ரஷன் பக்கம்.

பாயின்ட் இடைவெளியை முதலில் 0.35–0.40 மி.மீ. வையுங்கள், பிறகு மாற்றினால் டைமிங்கும் நகரும். அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்தள்ளும் அமைப்பு) முழுதும் மூடிய நிலையில், டிடிசிக்கு 0.8 மி.மீ. முன்பு, அதாவது ஏறக்குறைய 10 டிகிரியில், பாயின்ட் திறக்க வேண்டும். இடையில் சிகரெட் தாள் வைத்து லேசாக இழுங்கள். தாள் நழுவும் கணம்தான் திறப்பு. அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் கிக்கர் அடிக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.