குரல் போன பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

2025 கோடையில் அவுட்லா மியூசிக் ஃபெஸ்டிவல் இங்கே வந்தபோது நண்பர்களோடு போயிருந்தேன். திறந்தவெளி, புல்தரையில் இடம். டிக்கெட் விலை அநியாயம், வண்டியை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம். அறுபதுகளிலிருந்து பாடிவரும் பாப் டிலன் பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தெரிந்த பாட்டையே அடையாளம் தெரியாதபடி பாடினார். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனுக்கு 92 வயது, மூச்சு போதவில்லை. குரல் போன பிறகும் ஏன் மேடையேறுகிறார்கள்? பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கேள்வி: டிலனைப் புதிதாகக் கேட்பவன் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

ஆர்., அமெரிக்கா

அன்புள்ள தம்பி,

டிக்கெட், பார்க்கிங் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மேடையில் அதுவரை மின்சாரமில்லாத கிதாரோடு நாட்டார் பாணியில் பாடிவந்த டிலன், 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் மின் கிதாரோடு ஏறியபோதே, இது நாங்கள் கேட்க வந்த டிலன் இல்லை என்று கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அப்போது அவருக்கு 24 வயது. உங்கள் குறைக்கு வயது 60. அதை விடுங்கள்.

‘பாவமாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

என் அம்மா தையல்காரி. நாற்பது வருடம் எங்கள் தெருவுக்கே ரவிக்கை தைத்தவள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. கை கொஞ்சம் திரும்பிய பிறகும் வெட்டு மறந்துபோயிருந்தது. ஒருநாள் பார்த்தால், தான் தைத்த பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்துத் தரையில் துண்டு துண்டாக விரித்து வைத்திருக்கிறாள். என்னம்மா இது என்றேன். “எப்படி வெட்டினேன்னு பாக்கறேன்” என்றாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், “இந்த வயசுல எதுக்கு இந்தக் கஷ்டம், பாக்கவே பாவமா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் அம்மா மிஷின் பக்கமே போகவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன சொல் அது. அதனால்தான் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அது 2022 ஜூலை. அந்த வாரம்தான் பாடகி ஜோனி மிட்செல் அதே நியூபோர்ட் விழாவில், கடலோரக் கோட்டைத் திடலில், முன்னறிவிப்பில்லாமல் மேடைக்கு வந்தார். 78 வயது. 2015இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பேச்சும் நடையும் போனவர். ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானதால் கிதாரில் தனக்கென்று தனிச் சுருதிகள் கூட்டி வாசித்தவர். அந்தக் கிதாரையும் மறந்துவிட்டு, தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்து, விரலை எங்கே வைத்தோம் என்று மறுபடி கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அன்று எழுந்து நின்று பாட்டில்லாமல் கிதார் மட்டும் வாசித்தார். அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்தாள். “இவளுக்கும் மறந்துபோச்சா?” என்று கேட்டாள். மூன்று முறை போடச் சொன்னாள்.

அப்புறம் ‘போத் சைட்ஸ் நவ்’ பாடினார். வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், இன்னும் புரியவில்லை என்கிற பாட்டு. இருபதுகளில் எழுதியது. 1969 பதிவில் குரல் எங்கோ உயரத்தில், கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பெண் எந்த இரண்டு பக்கத்தைப் பார்த்திருக்க முடியும்? 2022இல் சுருதி அடித்தளத்துக்கு இறங்கிவிட்டது. மூச்சு எவ்வளவு வருகிறதோ அதற்கு ஏற்றபடி சொற்களை வைக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த பாடகி வைனோனா ஜட் தேம்பி அழுகிறார். அது பரிதாபத்தில் வந்த அழுகையா? வீடியோவைப் பாருங்கள், தெரியும்.

வில்லியின் கிதாரைப் பார்த்தீர்களா, அல்லது மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தீர்களா? டிரிகர் என்று பெயர். மார்ட்டின் கம்பெனி நைலான் தந்திக் கிதார், 1969இலிருந்து அவரிடம் இருக்கிறது. விரலால் மீட்ட வேண்டியதை அவர் பிக் (தந்தி மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசித்து வாசித்து மரம் தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே சட்டத்தைப் பலப்படுத்துகிறார்கள், ஓட்டையை மூடுவதில்லை. தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே வரிகளை விடுவது அவருடைய இளவயதுப் பழக்கம். மூச்சு குறைந்த காலத்தில் அதுவே அவரைத் தாங்குகிறது. இதையெல்லாம் கேட்கத்தான் தம்பி அந்தப் புல்தரை.

அம்மா அதற்குப் பிறகு எனக்கு ஒரு ரவிக்கை தைத்தாள். இடது கைக்குழி கொஞ்சம் பிடிக்கும். கல்யாணங்களுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நேரில் இருந்தால் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டிருப்பேன். ஜோனியின் 1969 பதிவையும் 2022 பதிவையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். டிலன் ஆல்பத்தை அப்போது பேசலாம்.

அன்புடன்,
அக்கா