நீராவிக் கப்பல் கேப்டன் ராபர்ட் ஸ்மால்ஸும் அவருடைய குடும்பமும்

19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் கேப்டனாக இருந்த ஒருவருடைய குடும்ப வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் பொருந்தும்படி பொதுவாகச் சொல்வதைவிட, நான் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்துவரும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மால்ஸ்தான் அவர்.

1839-இல் பியூஃபோர்ட் என்ற ஊரில், எஜமானரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அடிமைகளின் குடிலில் பிறந்தார். தாய் லிடியா அந்த வீட்டில் வேலை செய்த அடிமை. 12 வயதில் சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். உழைத்தது அவர், கூலியில் பெரும்பங்கு போனது எஜமானருக்கு. துறைமுக வேலைகளில் தொடங்கி, படிப்படியாகக் கப்பலின் சுக்கான் பிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்.

1856 டிசம்பர் 24 அன்று, ஒரு ஹோட்டலில் பணிப்பெண்ணாக இருந்த ஹன்னாவை மணந்தார். அவரும் அடிமைதான், ஆனால் வேறொருவருக்குச் சொந்தமானவர். இந்த இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறக்கும் குழந்தை தாயின் எஜமானருக்கே உடைமை என்பதுதான் அன்றைய சட்டம். ஆகவே 1858-இல் பிறந்த மகள் எலிசபெத், பிறந்த கணத்திலேயே ஹன்னாவின் எஜமானருடைய சொத்தானாள். அவர் நினைத்தால் எந்த நாளிலும் தாயையும் மகளையும் தனித்தனியே விற்றுவிடலாம். அந்த அச்சத்தில்தான் ஸ்மால்ஸ் இருவரையும் விலைக்கு வாங்கிவிட முயன்றார். கேட்கப்பட்ட விலை 800 டாலர். மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்தும் அந்தத் தொகையை அவரால் எட்ட முடியவில்லை.

அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் (தென்னவர்) வட மாநிலங்களுக்கும் (வடவர்) இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அவர் 'பிளான்டர்' என்ற கப்பலில் இருந்தார். இருபுறமும் துடுப்புச் சக்கரம் பொருத்திய, பஞ்சுப் பொதிகளை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட, 147 அடி நீள நீராவிக் கப்பல் அது. தென்னவர் படை அதைப் பீரங்கிகளையும் வெடிமருந்தையும் சுமக்கப் பயன்படுத்தியது. 1862 மே 12 இரவு, வெள்ளையரான மூன்று அதிகாரிகளும் கரைக்குச் சென்றுவிட்டார்கள். விடிவதற்கு முன்பே ஸ்மால்ஸும் சக அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பி, வேறொரு துறையில் ஒளிந்து காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார்கள். எலிசபெத்துக்கு அப்போது 4 வயது, தம்பி கைக்குழந்தை. பிடிபட்டால் கப்பலைத் தகர்ப்பது, அதுவும் முடியாவிட்டால் எல்லாரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவரைப் போலவே கைகட்டி நின்று, அவர் ஊதும் அதே ஊதல் சைகையைக் கொடுத்தபடி, துறைமுக வாயிலில் தென்னவர் வசமிருந்த சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே ஸ்மால்ஸ் கப்பலைச் செலுத்தினார். இருட்டில் காவலர்களுக்கு ஐயம் வரவில்லை. குண்டு எட்டாத தொலைவுக்கு வந்ததும் பழைய கொடிகளை இறக்கிவிட்டு, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். துறைமுகத்துக்கு வெளியே முற்றுகையிட்டு நின்ற வடவரின் 'ஆன்வர்ட்' கப்பல் சுடுவதற்கு ஆயத்தமாகியிருந்த வேளையில்தான் அந்த விரிப்பு அவர்கள் கண்ணில் பட்டது. வீரச்செயல் என்று மட்டும் இதைச் சொல்பவர்கள் அந்த 800 டாலரை மறந்துவிடுகிறார்கள். விலை கொடுத்து மீட்க முடியாத மனைவியையும் மகளையும் அவர் கடல் வழியே மீட்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கப்பலைக் கொண்டுவந்து ஒப்படைத்ததற்கு வடவர் அரசிடமிருந்து பரிசுப் பணமாக 1,500 டாலர் கிடைத்தது. 1863 டிசம்பரில் குண்டு மழைக்கு நடுவே, இப்போது வடவர் வசமிருந்த பிளான்டரின் கேப்டன் பதுங்கிவிட, சுக்கானைப் பிடித்துக் கப்பலைக் காப்பாற்றியவர் ஸ்மால்ஸ். அதன் பின் அதே கப்பலுக்கு அவரே கேப்டனானார். கைக்குழந்தையாகக் கப்பலேறிய மகன் மட்டும் இளம் வயதிலேயே இறந்துபோனான்.

வரி பாக்கிக்காகப் பியூஃபோர்ட்டில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. அது அவர் பின்கட்டுக் குடிலில் பிறந்த அதே வீடு. அதை அவர் வாங்கினார். முந்தைய உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் வீடு அவருக்கே நிலைத்தது. ஏவல் செய்த வீட்டிலேயே தாய் லிடியா மகனோடு வாழ்ந்தார். பழைய எஜமானி முதுமையில் நினைவு தடுமாறி, இன்னும் தன் வீடுதான் என்று எண்ணி அங்கே வந்தபோது, ஸ்மால்ஸ் அவரை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார் என்று குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். ஸ்மால்ஸ் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானதைவிட இந்தச் செய்திதான் என் மனத்தில் ஆழமாக நிற்கிறது.

1876-இல் பிளான்டர் கடலில் சிதைந்தபோது, குடும்பத்தில் ஒருவரை இழந்ததைப் போல இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். ஹன்னா 1883-இல் மறைந்தார். 1890-இல் ஸ்மால்ஸ் ஆனி விக் என்ற ஆசிரியையை மணந்து வில்லியம் என்ற மகனைப் பெற்றார். ஆனியும் 1895-இல் காலமானார். ஸ்மால்ஸ் 1915 பிப்ரவரியில் அதே வீட்டில் இறந்தார். அந்த விடியலில் கப்பலில் இருந்த எலிசபெத் வளர்ந்து, வாஷிங்டனில் தந்தைக்குச் செயலராகப் பணியாற்றினார். பிறகு, கணவர் இறந்ததும் அவர் வகித்த பியூஃபோர்ட் அஞ்சலகத் தலைவர் பொறுப்பைத் தாமே ஏற்றார்.