1850 சமரசம்: வகுப்பில் எந்த ஆவணத்தை முதலில் கொடுப்பது?

அமெரிக்க வரலாறு நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1850 சமரசத்தின் அம்சங்களை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். 'இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தார்கள், போர் தள்ளிப்போனது, நல்லதுதானே' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். மூல ஆவணங்களை வைத்து எப்படி நடத்துவது? எனக்கு இரண்டு வகுப்புதான் கிடைக்கும்."

அடிமைமுறை தொடர்பாக வட, தென் மாநிலங்களுக்கு இடையே இருந்த பிணக்கைத் தணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களின் தொகுப்புதான் இந்தச் சமரசம். அதற்கு அடிப்படையாக செனட்டர் ஹென்றி கிளே செனட்டில் வைத்த தீர்மானங்களிலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் கலிபோர்னியாவுக்கு இது, டெக்சாஸுக்கு அது என்ற பங்கீடு மட்டுமே மாணவர்கள் கண்ணில் படும். அந்தச் சமரசத்தின் பகுதியாக வந்த, தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தை முதலில் கொடுங்கள். முழுவதும் வேண்டாம், வாக்கியங்கள் மிக நீளம். 6, 8ஆம் பிரிவுகளில் சில வரிகள் போதும்.

பிடிபட்டவரின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்கிறது 6ஆம் பிரிவு. அவரை உரிமை கோரியவரிடம் ஒப்படைத்தால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், ஆதாரம் போதாதென்று விடுவித்தால் 5 டாலர் என்கிறது 8ஆம் பிரிவு. ஒப்படைப்பதில் எழுத்து வேலை அதிகம் என்று சட்டத்தை ஆதரித்தவர்கள் காரணம் சொன்னார்கள். அதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், சுதந்திரமாகப் பிறந்த ஒரு கறுப்பினத்தவரைத் தவறாகப் பிடித்துவந்தால் அவர் எப்படித் தப்பிப்பார் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்.

அடுத்து, 1851 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் ஒட்டப்பட்ட எச்சரிக்கைச் சுவரொட்டி. நகரக் காவலர்களோடு பேச்சுக்கொடுக்க வேண்டாம், அவர்கள் ஆள்பிடிப்பவர்களாக வேலை செய்கிறார்கள் என்று கறுப்பின மக்களை அது எச்சரித்தது. அதன் பக்கத்தில் 1850 மார்ச் 7 அன்று டேனியல் வெப்ஸ்டர் ஆற்றிய உரையின் தொடக்கத்தை வையுங்கள். அதே மாசசூசெட்ஸின் செனட்டர், நாட்டின் ஒற்றுமைக்காகப் பேசுகிறேன் என்கிறார். அவரை வில்லனாக்க வேண்டாம். நாடு உடைந்துவிடும் என்ற அவருடைய அச்சம் உண்மையானது. ஆனால் விட்டுக்கொடுக்கப்பட்டது யாருடைய சுதந்திரம், அவர்களில் ஒருவராவது அந்த அவையில் இருந்தாரா என்பதை மாணவர்கள் இப்போது அவர்களாகவே கேட்பார்கள். கிளேயின் தீர்மானங்களை அதற்குப் பிறகு, இரண்டாவது வகுப்பில் கொடுங்கள்.

அடிமை, எஜமானர் என்று மாணவர்களை நடிக்க மட்டும் வைக்காதீர்கள். அது பிள்ளைகளைப் புண்படுத்தும், இல்லாவிட்டால் வேடிக்கையாகிவிடும். செனட் விவாதத்தை வேண்டுமானால் வாசிக்கச் சொல்லலாம்.

சுவரொட்டியின் படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெரிதாக அச்செடுத்துக் கொடுங்கள்.